31 வயதிலும் முகப்பரு விடவில்லை, என்ன செய்வது?

கேள்வி: எனக்கு வயது 31. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் பிரிவில் சூப்பர்வைசராக இருக்கிறேன். பள்ளி, கல்லூரி நாட்களில்கூட எனக்குப் பரு பெரிதாக வந்ததில்லை. 25 வயதுக்கு மேல்தான் ஆரம்பித்தது. தாடையோரத்திலும் முகவாயிலும் உள்ளுக்குள் கட்டியாக வரும், தொட்டால் வலிக்கும். மாதவிலக்குக்கு ஒரு வாரம் முன்பு அதிகமாகிவிடும். மாதவிலக்கும் ஒழுங்காக வருவதில்லை, சில நேரம் 40, 45 நாள் ஆகிறது. இரண்டு டாக்டர்களிடம் காட்டினேன். ஒருவர் ஜெல் கொடுத்தார். முகம் எரிந்து தோல் உரிந்ததால் இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டேன். இன்னொருவர் மாத்திரை கொடுத்தார். சாப்பிடும்வரை நன்றாக இருந்தது, நிறுத்தியதும் பழையபடி வந்துவிட்டது. இப்போது பக்கத்து மெடிக்கல் ஷாப்பில் கொடுத்த க்ரீமை ஒரு வருடமாகப் போடுகிறேன். முதலில் முகம் பளிச்சென்று ஆனது. இப்போது ஒரு நாள் போடாவிட்டாலும் சிவந்து எரிகிறது, பருவும் முன்பைவிட அதிகம். கல்யாண வீடுகளுக்குப் போவதையே குறைத்துவிட்டேன். அடுத்த வருடம் குழந்தைக்கு முயற்சி செய்யலாம் என்று இருக்கிறோம். குழந்தை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்கிறார் மாமியார். நிரந்தரமாகப் போக வழி உண்டா?

பதில்: மெடிக்கல் ஷாப் க்ரீமைக் கடிதத்தின் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அதுதான் முதல் கவலை, அதிலிருந்தே தொடங்குகிறேன். ட்யூபை எடுத்துப் பின்பக்கம் பொடி எழுத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். படிக்க முடியாவிட்டால் செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், க்ளோபிட்டசால், ஃப்ளூசினோலோன் இவற்றில் ஏதாவது ஒரு பெயர் இருந்தால் அது ஸ்டீராய்டு க்ரீம். நீங்கள் சொல்லும் அறிகுறிகளைப் பார்த்தால் ஹைட்ரோகுயினோன், ட்ரெட்டினாயின், மொமெட்டசோன் மூன்றும் கலந்த க்ரீமாக இருக்கும் என்பது என் ஊகம். மங்குக்காக, சில வாரங்கள் மட்டும், டாக்டர் பார்வையில் பூச வேண்டிய மருந்து அது. நம் ஊரில் பருவுக்கு, கருமைக்கு, கல்யாணத்துக்கு முன் முகம் வெளுக்க என்று எல்லாவற்றுக்கும் கைமாறிக்கொண்டிருக்கிறது. 2018ல் மத்திய அரசு 14 வகை ஸ்டீராய்டு க்ரீம்களை ஷெட்யூல் ஹெச் பட்டியலில் கொண்டுவந்தது. டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பொருள். சட்டம் ஒரு பக்கம் இருக்கிறது, ட்யூபும் கவுன்டரில் கிடைக்கிறது.

ஸ்டீராய்டு பூசினால் முதலில் ரத்தக்குழாய் சுருங்கும், சிவப்பும் வீக்கமும் அடங்கும், முகம் வெளுத்துப் பளபளக்கும். யாராக இருந்தாலும் மருந்து வேலை செய்கிறது என்றுதான் நினைப்பார்கள். மாதக்கணக்கில் போட்டால் தோல் மெலிந்துபோகும், கன்னத்தில் நூல் நூலாக ரத்தக்குழாய் தெரியும், சிலருக்கு உதட்டுக்கு மேலும் தாடையிலும் முடி வளரும். ஸ்டீராய்டே பருவையும் கிளப்பும். நிறுத்தினால் அடக்கி வைத்திருந்த சிவப்பெல்லாம் ஒரேயடியாகத் திரும்பும். உடனே பயந்துபோய் மறுபடி பூசுவார்கள். ஒரு நாள் போடாவிட்டாலும் எரிகிறது என்கிறீர்களே, நீங்கள் இருப்பது இந்தச் சுழலில்தான்.

இதிலிருந்து வெளியே வரலாம், ஆனால் தனியாகச் செய்ய வேண்டாம். ட்யூபையே கையில் எடுத்துக்கொண்டு தோல் டாக்டரிடம் போங்கள். எவ்வளவு வீரியமுள்ள ஸ்டீராய்டு, எவ்வளவு நாள் போட்டீர்கள் என்று பார்த்து, ஒரேயடியாக நிறுத்துவதா, வீரியம் குறைந்ததற்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பதா என்று அவர் சொல்வார். எரிச்சலை அடக்க ஸ்டீராய்டு இல்லாத களிம்பும் தரலாம். நிறுத்திய முதல் சில வாரங்கள் முகம் மோசமாகத்தான் இருக்கும். அதை முன்கூட்டியே தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். அந்த நாட்களில் மென்மையான ஃபேஸ்வாஷ், வாசனையில்லாத மாய்ஸ்சரைசர், சன்ஸ்க்ரீன் இவ்வளவு போதும். கஸ்தூரி மஞ்சள், எலுமிச்சைச் சாறு, டூத்பேஸ்ட் எதுவும் கிட்டே வரக் கூடாது. எலுமிச்சை விஷயத்தில் நான் கொஞ்சம் கடுமையாகவே பேசுவேன். புண்ணான தோலில் அதைத் தேய்த்துக்கொண்டு வெயிலில் போனவர்கள் எத்தனையோ பேர் கருத்த திட்டுகளோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

சரி, இனி பருவுக்கு வருவோம். பதின்வயதுப் பரு நெற்றி, மூக்கு, கன்னம் என்று கரும்புள்ளியும் வெண்புள்ளியுமாகப் பரவும். 25 வயதுக்குப் பின் பெண்களுக்கு வருவது பெரும்பாலும் நீங்கள் எழுதியிருப்பதைப் போலத்தான் இருக்கும். தாடையோரம், முகவாய், சிலருக்குக் கழுத்தின் மேல்பகுதி, எண்ணிக்கையில் குறைவு, ஆனால் ஆழம், வலி, மாதவிலக்கை ஒட்டி ஏற்றம். ஆண்ட்ரஜன் என்கிற ஹார்மோன் பெண்களுக்கும் உண்டு. தோலில் உள்ள எண்ணெய்ச் சுரப்பியை முடுக்கிவிடுவது அதுதான். எண்ணெய் அதிகமாகி, மயிர்க்கால் வாய் அடைபட்டு, உள்ளே எப்போதும் குடியிருக்கும் பாக்டீரியா பெருகி, அதை எதிர்த்து உடம்பு வீங்கும்போது கட்டியாகிறது. இந்த வயதில் பரு வரும் பெண்களில் நிறையப் பேருக்கு ரத்தப் பரிசோதனையில் ஹார்மோன் சரியாகவே இருக்கும். சுரப்பிதான் கொஞ்சம் ஹார்மோனுக்கே அதிகமாக ஆடிவிடும்.

உங்கள் விஷயத்தில் ஹார்மோனைப் பரிசோதிக்காமல் விடக் கூடாது. மாதவிலக்கு 35 நாளைத் தாண்டி அடிக்கடி தள்ளிப்போனால், கூடவே தாடைப் பருவும் இருந்தால், பிசிஓஎஸ் என்கிற சினைப்பை ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். முகவாயில் கெட்டி முடி முளைப்பது, உச்சியில் முடி மெலிவது, எடை ஏறுவது, கழுத்தின் பின்பக்கம் வெல்வெட் துணிபோலக் கருப்பது இவையும் இருக்கிறதா என்று கவனியுங்கள். பரிசோதனை என்று பார்த்தால் டெஸ்டோஸ்டிரோன், டிஹெச்இஏஎஸ், தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை. தேவைப்பட்டால் ஸ்கேன். ஹார்மோன் பரிசோதனைக்கு மாதவிலக்கு தொடங்கியதிலிருந்து 2 முதல் 5 நாளுக்குள் ரத்தம் கொடுப்பது நல்லது, கருத்தடை மாத்திரை சாப்பிடும் காலத்தில் எடுத்தால் முடிவு குழப்பும். அடுத்த வருடம் குழந்தை வேண்டும் என்கிறீர்கள். பரு இல்லாவிட்டாலும் 45 நாள் சுழற்சிக்காக மகப்பேறு டாக்டரைப் பார்க்கத்தான் வேண்டும். இரண்டையும் ஒரே முயற்சியில் முடித்துக்கொள்ளலாம். ஒன்று மட்டும்: குரல் கனத்து, சில மாதங்களில் வேகமாக முடி வளர்ந்தால் தள்ளிப்போடாமல் உடனே போங்கள்.

இதுவரை எந்த மருந்தும் பலிக்கவில்லை என்று உங்களுக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எந்த மருந்துக்கும் நீங்கள் போதுமான காலம் கொடுக்கவில்லை, எப்படிப் போட வேண்டும் என்று உங்களுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லவும் இல்லை.

அந்த ஜெல் அனேகமாக அடாபலீன் அல்லது ட்ரெட்டினாயினாக இருக்கும். ரெட்டினாய்டு வகை. மயிர்க்கால் வாய் அடைபடாமல் பார்த்துக்கொள்வதுதான் அதன் வேலை. அடுத்த மாதம் வெளியே தெரியப்போகும் பரு இன்றைக்கே தோலுக்கடியில் கண்ணுக்குத் தெரியாத அடைப்பாக உட்கார்ந்திருக்கிறது. அதனால் இந்த ஜெல் பலன் காட்ட 8 முதல் 12 வாரம் ஆகும். முதல் இரண்டு மூன்று வாரங்கள்தான் எரிச்சலும் உரிதலும். நீங்கள் கஷ்டகாலத்தை முழுக்க அனுபவித்துவிட்டு, பலன் வருவதற்குள் கடையைக் கட்டிவிட்டீர்கள்.

பருவின் மேல் மட்டும் புள்ளி வைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு. அந்தப் பரு ஏற்கெனவே வந்துவிட்டது, மருந்து போக வேண்டியது இனி வரப்போகிற இடத்துக்கு. இரவு முகம் கழுவி, நன்றாகத் துடைத்து, 20 நிமிடம் கழித்து, ஈரமே இல்லாத முகத்தில், ஒரு பட்டாணி அளவு ஜெல்லை நெற்றி, இரண்டு கன்னம், முகவாய் என்று தொட்டு வைத்து முழு முகத்துக்கும் மெல்லிசாகப் பரப்ப வேண்டும். கண்ணோரம், மூக்கின் மடிப்பு, உதட்டு மூலை மூன்றையும் விட்டுவிடுங்கள். எரிச்சல் முதலில் தொடங்குவது அங்கேதான். முதல் மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள். தாங்க முடியாவிட்டால் முதலில் மாய்ஸ்சரைசர் பூசிவிட்டு அதன்மேல் ஜெல். அப்படியும் எரிந்தால் ஒரு மணி நேரம் வைத்துக் கழுவிவிட்டு, நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டிக்கொண்டே போகலாம். பட்டாணி அளவை இரண்டாக்கினால் பரு இரு மடங்கு வேகத்தில் போகாது, தோல்தான் உரியும்.

மாத்திரை டாக்சிசைக்ளின் அல்லது அதைப் போன்ற ஆன்டிபயாட்டிக்காக இருந்திருக்க வேண்டும். அது வீக்கத்தை அடக்கும், சுரப்பியையும் அடைப்பையும் மாற்றாது. நிறுத்தினால் திரும்புவது அதன் இயல்பு. அதனால்தான் 3 மாதத்தோடு முடித்துக்கொண்டு, கூடவே ரெட்டினாய்டும், பாக்டீரியாவைக் கொல்லும் பென்சாயில் பெராக்சைடு என்ற பூச்சு மருந்தும் போட்டு, மாத்திரை நின்றபிறகும் அவற்றைத் தொடர வேண்டும் என்கிறோம். ஆன்டிபயாட்டிக் மாத்திரையையோ க்ளின்டமைசின் என்ற ஆன்டிபயாட்டிக் ஜெல்லையோ தனியாக மாதக்கணக்கில் போட்டால் பாக்டீரியாவுக்கு மருந்து பழகிவிடும். பழைய சீட்டைக் காட்டி நீங்களே வாங்கிச் சாப்பிடுவதை விட்டுவிடுங்கள்.

பென்சாயில் பெராக்சைடுக்கு இந்தப் பழகிப்போகிற பிரச்சினை கிடையாது. 2.5 சதவீதம் போதும். 10 சதவீதம் அதைவிட அதிகம் கேட்காது, எரிச்சல் மட்டும் அதிகம். இதில் உங்களுக்கென்றே ஒரு எச்சரிக்கை. அது துணியை வெளுக்கும். தலையணை உறை, துண்டு போனால் போகட்டும். காலையில் பூசிய கையை நன்றாகக் கழுவாமல் செக்கிங் டேபிளில் கலர் பீஸைத் தொட்டால் வெள்ளைத் திட்டு விழும், அப்புறம் டையிங் யூனிட்காரரோடு சண்டை வரும். இரவில் போட்டுக்கொள்ளுங்கள், அல்லது ஃபேஸ்வாஷாக வரும் வகையைப் பூசி இரண்டு மூன்று நிமிடத்தில் கழுவிவிடுங்கள்.

இனி குழந்தை விஷயம். சிகிச்சையைத் தீர்மானிப்பதே அதுதான். நீங்கள் வெளிப்படையாகச் சொல்லாவிட்டால் டாக்டருக்குத் தெரியாது. முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

ஆழமாக வந்து தழும்பு விழும் பருவுக்கு இருப்பதிலேயே வலுவான மருந்து ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை. 1982ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது, 40 ஆண்டுகளுக்கு மேலான அனுபவம் இருக்கிறது. எண்ணெய்ச் சுரப்பியையே சுருக்கும் ஒரே மருந்து. ஐந்தாறு மாதமோ அதற்கு மேலோ சாப்பிட்டால் பலருக்கு நீண்ட காலத்துக்குப் பரு அடங்கிவிடும். உங்களைப் போல ஹார்மோன் கோளாறு சந்தேகம் உள்ளவர்களுக்குத் திரும்பி வரும் வாய்ப்பு கொஞ்சம் அதிகம். ஆனால் இதைச் சாப்பிடும்போது கரு தங்கினால் குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரக்கூடும். சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்தியபின் ஒரு மாதமும், கரு தரிக்கவே கூடாது. தொடங்கும் முன் கர்ப்பப் பரிசோதனை, ஈரல், கொழுப்பு பரிசோதனைகள் உண்டு. உதடு வெடிப்பது நிச்சயம். மனம் சோர்வதாகத் தோன்றினால் உடனே டாக்டரிடம் சொல்ல வேண்டும். அந்த ஒரு மாதம் கடந்துவிட்டால் பின்னால் வரும் கர்ப்பத்துக்கு இதனால் பாதகமில்லை. ‘இந்த மாத்திரை சாப்பிட்டால் குழந்தையே பிறக்காது’ என்று சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம்.

ஸ்பைரனோலாக்டோன் என்று இன்னொன்று. பழைய ரத்த அழுத்த மாத்திரை, ஆண்ட்ரஜனைத் தடுப்பதால் பெண்களின் தாடைப் பருவுக்குக் கொடுக்கிறோம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 410 பெண்களிடம் நடந்து 2023ல் வெளியான ஆய்வில் நல்ல பலன் தெரிந்தது. அதிலும் 12 வாரத்தில் தெரிந்ததைவிட 24 வாரத்தில் தெரிந்த பலன்தான் பெரிது. ஆக, இதற்கும் பொறுமை வேண்டும். கர்ப்பத்தில் கூடாது, கருவில் ஆண் குழந்தை இருந்தால் பாதிக்கலாம். நீங்கள் மூன்று வருடம் கழித்துத்தான் குழந்தை என்றால் இதைத்தான் முதலில் சொல்லியிருப்பேன். அடுத்த வருடம் என்பதால், பலன் தெரியத் தொடங்கும்போதே நிறுத்த வேண்டி வரும். கருத்தடை மாத்திரைக்கும் இதே கணக்குத்தான். அதோடு ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, ரத்தம் உறைந்த வரலாறு இருந்தால் அது ஒத்துவராது.

உங்களுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருக்கின்றன. பரு பள்ளம் பள்ளமாகத் தழும்பாகிறது என்றால், குழந்தை முயற்சியைச் சில மாதம் தள்ளிவைத்து, ஸ்டீராய்டிலிருந்து தோல் தேறியபின் ஐசோட்ரெட்டினாயினை முடித்துவிடுவது ஒன்று. தழும்பு இல்லை, கருப்புத் தடம்தான் என்றால் அதற்காகக் குழந்தையைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. அசெலாயிக் ஆசிட் என்று ஒரு மருந்து இருக்கிறது, 10 முதல் 20 சதவீத க்ரீமாகக் கிடைக்கும். பருவுக்கும் கேட்கும், அது விட்டுப்போகும் கருமைக்கும் கேட்கும், கர்ப்ப காலத்திலும் போடலாம். முதலில் கொஞ்சம் குறுகுறுக்கும், அவ்வளவுதான். மெதுவாக வேலை செய்வதால் இதற்கு அவ்வளவாகப் பெயர் இல்லை. உங்கள் நிலைமைக்கு இதைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை. கூடவே பென்சாயில் பெராக்சைடைக் குறைந்த அளவில் போடலாம். அடாபலீனைக் குழந்தைக்கு முயற்சி தொடங்கும்போது நிறுத்திவிட வேண்டும். டாக்சிசைக்ளினும் கர்ப்பத்தில் கூடாது. தழும்பா தடமா என்று தெரியாவிட்டால், கண்ணாடி முன் பக்கவாட்டில் டார்ச் அடித்துப் பாருங்கள். நிழல் விழுந்தால் பள்ளம்.

மாமியார் சொல்வது சிலருக்கு நடக்கும். கர்ப்பத்தின் முதல் மாதங்களில் பரு குறைந்து, கடைசி மாதங்களில் ஏறியவர்களையும் பார்க்கிறோம். முன்கூட்டிச் சொல்ல முடியாது, அதை நம்பிச் சிகிச்சையை நிறுத்த வேண்டாம். அவரிடம் இதற்காக வாதாடவும் வேண்டாம்.

நிரந்தரமாகப் போகுமா என்று கேட்டிருந்தீர்கள். நேராகச் சொல்கிறேன். இந்த வயதுப் பருவை அடக்கி வைக்கலாம், பல பெண்களுக்கு நாற்பதுக்குப் பின்னும்கூட அவ்வப்போது தலைகாட்டும். முகம் தெளிந்த பிறகும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் ஏதாவது ஒரு பூச்சு மருந்தைத் தொடர வேண்டும். தெளிந்துவிட்டது என்று எல்லாவற்றையும் தூக்கிப் போட்டவர்கள்தான் நான்கு மாதம் கழித்து வந்து அந்த டாக்டர் சரியில்லை என்பார்கள். ஒரே மாதத்தில் நிரந்தரத் தீர்வு என்று யாராவது சொன்னால் அவர் கையில் இருப்பது அனேகமாக உங்கள் ட்யூபில் இருப்பதுதான்.

வேலையிடத்துப் பஞ்சுத் தூசியால் பரு வராது. ஆனால் வியர்வையோடு நாள் முழுக்க மாஸ்க் உரசினால் தாடையில் அதிகமாகும். துணி மாஸ்க்கைத் தினமும் துவைத்துப் போடுங்கள். முகத்துக்குத் தேங்காய் எண்ணெய் வேண்டாம், தலைக்குத் தேய்ப்பதையும் குளிப்பதற்கு ஒரு மணி நேரம் முன்போடு நிறுத்திக்கொண்டால் நெற்றி பிழைக்கும். பார்லரில் ஃபேஷியல், ப்ளீச் இரண்டும் இப்போது கூடவே கூடாது. சாப்பாட்டில் இனிப்பும் மைதாவும் சர்க்கரை போட்ட டீயும் குறைந்தால் சிலருக்குப் பரு குறைகிறது, பிசிஓஎஸ் இருந்தால் அதற்கும் நல்லது. பால் ஒத்துக்கொள்ளவில்லை என்று தோன்றினால் சில வாரம் நிறுத்திப் பார்க்கலாம். வடை, பஜ்ஜிக்கு எதிராக அவ்வளவு சாட்சியம் இல்லை. சத்து மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? பி12 அதிகமாகப் போனாலும் சிலருக்குப் பரு கிளம்பும். நெற்றி, மார்பு, முதுகில் ஒரே அளவில் சின்னச் சின்னதாக அரிப்போடு வந்தால் அது பூஞ்சை வகையாக இருக்கலாம், அதற்கு மருந்தே வேறு.

கருப்புத் தடம் தானாகவே மங்கும், சில மாதம் எடுக்கும், வெயிலில் சன்ஸ்க்ரீன் இல்லாமல் போனால் இன்னும் இழுக்கும். எஸ்பிஎஃப் 30க்கு மேல், ஜெல் வகையாக வாங்குங்கள். பள்ளத் தழும்புக்கு மைக்ரோநீட்லிங் (நுண்ணிய ஊசிகளால் தோலைக் குத்தித் தூண்டுவது) போன்ற சிகிச்சைகள் உண்டு, ஆனால் புதிய பரு நின்ற பிறகுதான். இப்போதே பத்து சிட்டிங் பேக்கேஜ் என்று யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

செலவு யோசனையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓபி சீட்டு போட்டுவிடுங்கள். ட்யூபும் பழைய மாத்திரை அட்டைகளும் பையில் இருக்கட்டும், கடைசி ஆறு மாத மாதவிலக்குத் தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள். டாக்டரிடம் பேசக் கிடைக்கும் ஐந்து நிமிடத்தில் அது பாதி நேரத்தை மிச்சப்படுத்தும். கல்யாண வீட்டுக்குப் போகாமல் இருப்பதையும் அவரிடம் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. பரு எவ்வளவு மோசம் என்று முடிவு செய்வதில் அதுவும் ஒரு கணக்கு. மாதம் ஒருமுறை ஒரே ஜன்னல் வெளிச்சத்தில் முகத்தைப் படம் எடுத்து வையுங்கள். தினமும் கண்ணாடி பார்ப்பவருக்கு மாற்றம் தெரியாது.

அப்புறம், மகப்பேறு டாக்டரைப் பார்க்கும்போது ஃபோலிக் ஆசிட் மாத்திரையையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் கரு தங்குவதற்கு ஒரு மாதம் முன்பாவது தொடங்க வேண்டிய மாத்திரை அது.